கடைசி வாங்குப் பிள்ளைக்கு யார் துணை?

தவணைப் பரீட்சை முடிந்து முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வரும் நாள், தோட்டத்து லயங்களில் பல குடும்பங்களுக்குச் சோதனை நாளாகும். கணிதத்தில் 18, விஞ்ஞானத்தில் 22, தமிழில் 30 என்று புள்ளிகள் வரிசையாக நிற்கும். ‘வகுப்பில் கவனம் போதாது’ என்று ஆசிரியர் எழுதிய ஒற்றை வரி அவற்றின் கீழே காணப்படும். அதைப் பெற்றோருக்குப் படித்துக் காட்ட வேண்டியவனும் பல வீடுகளில் அந்தப் பிள்ளையேதான். தந்தை கை ஓங்குகிறார். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறாள். அடுத்த வாரமே, கடன் வாங்கியேனும், டவுனில் நடக்கும் ஒரு டியூஷன் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்து விடுகிறார்கள். அதற்கு வழியில்லாத வீட்டிலோ, “படிப்பு இவனுக்கு ஏறாது, கொழும்பில் ஒரு கடையில் விட்டு விடலாம்” என்ற பேச்சு எழுகிறது.

இவ்விரண்டு முடிவுகளும் அவசர முடிவுகளே. இரண்டாவது முடிவு சட்டத்துக்கும் முரணானது. இலங்கையில் கட்டாயக் கல்வியின் உச்ச வயது 2016 ஆம் ஆண்டு 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 2021 ஆம் ஆண்டு, வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்த வயதும் 16 ஆக்கப்பட்டது. ஆகவே, 13 வயதுச் சிறுவனைக் கடைக்கு அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் சட்டம் பிள்ளையை வாங்கில் உட்கார வைக்குமேயன்றி, அவனுக்குக் கழித்தல் கணக்கைக் கற்றுக் கொடுத்து விடாது. விளங்காத பாடத்தின் முன்னே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, உடலால் பாடசாலையில் இருந்தாலும் உள்ளத்தால் என்றோ அதை விட்டு வெளியேறியவனே. அத்தகைய பிள்ளைக்கு எத்தகைய துணை வேண்டும், அதை மலைநாட்டில் எங்கே தேடலாம் என்பதைப் பெற்றோரும் மூத்த மாணவரும் சற்று அமைதியாகச் சிந்திக்க வேண்டும்.

பிரத்தியேகம் இல்லாத பிரத்தியேக வகுப்பு

‘பிரத்தியேக வகுப்பு’ என்ற சொல்லின் பொருளே இன்று மாறிவிட்டது. பிரத்தியேகம் என்றால் ஒருவருக்கென்றே தனியாக அமைந்தது என்பது பொருள். ஆனால் நம் நகரங்களில் அப்பெயரால் நடப்பவற்றுட் பல, பாடசாலை வகுப்பைவிடப் பெரிய கூட்டங்கள். நீண்ட வாங்குகளில் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்திருக்க, ஆசிரியர் ஒலிபெருக்கி பிடித்துக் கடந்தகால வினாத்தாளுக்கு விடை சொல்லிக் கொண்டு போகிறார். நன்றாகப் படிக்கும் மாணவனுக்கு அது மேலும் ஒரு பயிற்சி, அவன் பயனடைகிறான். பின்தங்கிய மாணவனுக்கோ, காலையில் விளங்காத பாடம் மாலையிலும் ஒருமுறை விளங்காமற் போகிறது. பாடசாலையிலே கடைசி வாங்கில் இருந்தவன் இங்கேயும் கடைசி வாங்கிலேதான் இருக்கிறான். கட்டணம் மட்டுமே புதியது.

1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி வழங்கும் நாடு இலங்கை. ஆயினும் இந்த வழக்கம் நாடெங்கும் வேகமாகப் பரவிற்று. குடும்பங்களின் வருமான செலவினங்கள் பற்றிய அரசாங்க மதிப்பீடுகளை ஆராய்ந்தவர்கள் கண்ட கணக்கு ஒன்று உண்டு. படிக்கும் வயதினர் உள்ள குடும்பங்களில், 1995–96 இல் நூற்றுக்கு ஏறக்குறைய 23 குடும்பங்களே பிரத்தியேக வகுப்புக்குப் பணம் செலவிட்டன. 2006–07 இல் அத்தொகை ஏறக்குறைய 64 ஆயிற்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், சிலரின் வசதியாக இருந்தது பலரின் கட்டாயமாக மாறிவிட்டது.

தோட்டக் குடும்பத்துக்கு இந்தச் சுமை இரட்டிப்பாகும். பெரிய வகுப்புகள் நடப்பது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களில். பிள்ளை வாழ்வதோ மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனைப் பக்கத்து மேற்பிரிவு ஒன்றில். பிரதான வீதிக்கு இறங்கி வரவே அரை மணி நேரமோ அதற்கு மேலோ நடக்க வேண்டும், பிறகு பஸ். ஆனி, ஆடி மாதங்களில் ஹட்டன் பக்கத்து மழையும் பனிமூட்டமும் யாவரும் அறிந்தவை. மாலை வகுப்பு முடிந்து தேயிலைக்குள் இருட்டில் தனியே நடந்து வரும் பெண் பிள்ளையை நினைத்துத் தாய்க்கு வயிற்றிலே நெருப்பு. 2024 ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. மாதத்தின் எல்லா நாட்களிலும் எல்லாருக்கும் முழுப்பேர் விழுவதும் இல்லை. அந்தச் சம்பளத்தில் கட்டணம், பஸ் செலவு, வழியில் ஒரு தேநீர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு பாடத்துக்கே மூச்சு வாங்கும். மூன்று பாடங்களுக்கு எங்கே போவது?

பணம் செலவாவது மட்டுமே இதில் தீங்கு என்று எண்ணிவிடக் கூடாது. “டியூஷனுக்கும் அனுப்பினோம், அப்போதும் தேறவில்லை” என்று பெற்றோர் மனம் கசந்து விடுகிறார்கள். பிள்ளையும் தன்னை மந்தன் என்று நம்பத் தொடங்கி விடுகிறான். மருந்து பொருந்தாதபோது நோயாளியைக் குறை கூறுவது போன்றது இது.

இடறிய இடம் எது?

டியூஷன் ஆசிரியரைத் தேடுமுன் பிள்ளை எங்கே இடறி விழுந்தான் என்று தேட வேண்டும். எட்டாம் தரத்துப் பிள்ளை எட்டாம் தரத்துப் பாடத்தில்தான் தவறியிருப்பான் என்று கொள்வது பெரும் பிழை. பெரும்பாலும் அவன் தவறியது மூன்றாம் தரத்திலோ நான்காம் தரத்திலோ ஆகும். அன்று விழுந்தவனைத் தூக்கிவிட எவரும் இல்லாமையால், வகுப்பு மட்டும் ஆண்டுதோறும் அவனைத் தாண்டிச் சென்றுவிட்டது.

கணிதத்தில் முற்றிலும் பின்தங்கியவன் என்று என்னிடம் சொல்லப்பட்ட எட்டாம் தர மாணவன் ஒருவன் இருந்தான். அட்சரகணிதம் விளங்கவில்லை என்பது முறைப்பாடு. அட்சரகணிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, 402 இலிருந்து 178 ஐக் கழிக்கச் சொன்னேன். விடை 224 ஆதல் வேண்டும். அவன் சிறிதும் தயங்காமல் 376 என்று எழுதினான். மேலோட்டமாகப் பார்த்தால் இது கவனமின்மை. உற்றுப் பார்த்தால் அதிலே ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். ஒவ்வொரு தானத்திலும் சிறிய எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்திருக்கிறான்: எட்டிலிருந்து இரண்டு போக ஆறு, ஏழிலிருந்து பூச்சியம் போக ஏழு, நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. ‘பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்கலாம்’ என்று சிறு வயதில் கேட்ட விதியை அவன் உண்மையாகவே கடைப்பிடித்து வந்திருக்கிறான். பத்தாம் தானத்திலிருந்து கடன் வாங்குவது என்றால் என்ன என்பது அவனுக்கு ஒருபோதும் விளங்கவில்லை. அட்சரகணித ஆசிரியர் எத்தனை பேர் வந்தாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக் கற்பிக்கும் ஒருவரால் ஒரு வாரத்தில் நிரப்பிவிட முடியும்.

அதே மாணவனிடம் வசனக் கணக்கு ஒன்றைக் கொடுத்தபோது வாசித்து முடிக்கவே திணறினான். நானே வாசித்துக் காட்டியதும் செய்து விட்டான். ஆகவே அவனுடைய கணிதப் பிணியில் ஒரு பாதி தமிழ்ப் பிணி என்பது தெளிவாயிற்று. சமயம், வரலாறு, விஞ்ஞானம் ஆகிய பாடங்களிலும் புள்ளி குறைந்ததன் காரணம் அதுவேயாகும்.

பெற்றோரோ மூத்த சகோதரரோ வீட்டிலேயே செய்யக் கூடிய சோதனைகள் சில உண்டு. அரசாங்கம் இலவசமாக வழங்கிய பழைய பாடநூல்கள் லயத்தில் எவர் வீட்டிலாவது கிடைக்கும். மூன்றாம் தரத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் அவனுக்கு இன்னும் கடினம்; அதற்குக் கீழ்த் தரத்துப் புத்தகத்தை எடுங்கள். வாசித்த பின்பு, “என்ன கதை, தம்பி?” என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டி வாசித்தும் கதை சொல்லத் தெரியாவிட்டால், சொல்லின் கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்து போகும் நிலையில் அவன் இருக்கிறான் என்று பொருள். பிறகு ஏழெட்டுச் சொற்களைச் சொல்லி எழுத வையுங்கள். ரகர றகரமும், லகர ளகர ழகரமும், குறில் நெடிலும் எங்கே மயங்குகின்றன என்று பாருங்கள்.

கணக்கில், மேலே சொன்னது போன்ற ஒரு கழித்தல், வாய்பாட்டில் நான்கு கேள்வி, பின்னத்தில் ஒரு கேள்வி போதும். ஒரு ரொட்டியில் மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேளுங்கள். நான்கு பெரிய எண் ஆதலால் நான்கில் ஒரு பங்கே பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் உயர் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். ரொட்டியை வெட்டிக் காட்டிய பிறகு அந்தப் பிழையை அவர்கள் எளிதில் செய்வதில்லை.

கண்ணையும் காதையும் மறந்துவிடக் கூடாது. புத்தகத்தைப் பார்த்துச் சரியாக எழுதுகிற பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை விடுகிறானா? அழைத்தால் ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பிக் கேட்கிறானா? அப்படியானால் முதலில் போக வேண்டிய இடம் டியூஷன் அன்று; அரசாங்க வைத்தியசாலை. நன்றாகப் பேசியும் விளங்கியும் நடக்கும் பிள்ளை, எத்தனை பயிற்சி கொடுத்தும் எழுத்துக்களைச் சேர்த்து வாசிக்க ஓயாது இடர்ப்படுவானாயின், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு இருக்கக் கூடும். அது மந்தபுத்தியன்று. வகுப்பாசிரியர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவை நாடிக் கேட்கலாம்.

லயத்துப் பள்ளிக்கூடம்

‘படிக்காத பெற்றோரின் பிள்ளை எப்படிப் படிப்பான்?’ என்று சிலர் இழிவாகப் பேசுவதுண்டு. பெற்றோரும் பாட்டன்மாரும் ஏன் படிக்கவில்லை என்பதற்கு விடை வரலாற்றிலே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அரசாங்கமும் தோட்ட நிருவாகமும் பள்ளி நடத்த முன்வராத காலத்தில், லயத்துக் காம்பராவிலோ இஸ்தோப்பிலோ எழுத்தறிந்த ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தார். கங்காணிமார் அதற்கு ஏற்பாடு செய்வதுண்டு. ‘லயப் பள்ளிக்கூடம்’ என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதனைத்தான். 1907 ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் தோட்டங்களின் மேல் வைத்தது. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்திற்று. ஆயினும் அநேக தோட்டங்களில் கிடைத்தது ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், அவர் முன்னே ஐந்து வகுப்பு என்ற நிலையே. சற்று வளர்ந்த பிள்ளையின் பெயர் செக்றோலில் ஏறியது, அரைப்பேர் சம்பளம் வீட்டுக்கு வந்தது, படிப்பு நின்றது.

1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப் பயன் தோட்டத்து வாயிலைத் தாண்டி உள்ளே வரவில்லை. 1960–61 இல் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஒதுங்கியே நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அவை படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டிடங்களும் பயிற்சியும் கிடைத்தன. 1990களின் தொடக்கத்தில், ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்து, மலைநாட்டு இளைஞரே பயிற்சி பெற்ற ஆசிரியராகும் வழி அகன்றது. ஆகவே, இன்று பிள்ளையின் கொப்பியைப் பார்த்து உதவ முடியாத தாய் அலட்சியக்காரியல்லள். நாடு காலம் தாழ்த்தியதன் விளைவை அவள் சுமக்கிறாள்.

இந்த வரலாற்றில் வருத்தத்தோடு ஒரு வழியும் இருக்கிறது. சிறிய குழு, வீட்டுக்கு அருகில், வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில், அறிந்த ஒருவர் அறியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தல்: இதுவே பழைய லயப் பள்ளிக்கூடத்தின் இலக்கணம். பின்தங்கிய பிள்ளைக்கு இன்று தேவைப்படும் துணையின் இலக்கணமும் அதுவே. அன்று ஒரு லயத்தில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தாலே அரிது. இன்று உயர்தரம் படித்த அக்காமாரும் அண்ணன்மாரும் இல்லாத தோட்டப் பிரிவைக் காண்பதுதான் அரிது.

அயல் நாட்டுச் சான்று

‘டிகிரி இல்லாத பிள்ளைகள் கற்பித்தால் பயன் விளையுமா?’ என்ற ஐயம் நியாயமானது. இதற்கு இந்தியாவிலிருந்து நல்ல சான்று கிடைக்கிறது. 1995 ஆம் ஆண்டு மும்பையில் தோன்றிய ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனம், பால்சகி எனும் ஏற்பாட்டைச் செய்தது. குழந்தையின் தோழி என்பது அச்சொல்லின் பொருள். அந்தந்தப் பகுதியிலேயே வாழும், பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்கள், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15–20 பிள்ளைகளைத் தனியே அழைத்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வாசிப்பும் எண்ணும் கற்பித்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் இதனைச் சோதித்தனர். பிள்ளைகளின் கல்வி உயர்ந்தது. எல்லாரிலும் கீழே இருந்தவர்களே அதிகம் பயனடைந்தார்கள். இவ்வாய்வு 2007 இல் வெளியாயிற்று. 2019 இல் அவ்விருவரும் மைக்கேல் கிரேமருடன் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். வயதுக்கேற்ற பாடத்தைச் சொல்லாமல் பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குவதே பிரதம் நிறுவனத்தின் பின்னைய முயற்சிகளுக்கும் அடிப்படையாயிற்று.

தமிழ்நாட்டு உதாரணம் நமக்கு இன்னும் நெருங்கியது. கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு விளைந்த இழப்பை ஈடுசெய்ய, 2021 ஒக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. ஏறக்குறைய 2 இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்கள், மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஒன்று ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். கிராமப்புறப் பிள்ளைகள் ஏறக்குறைய 19,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, பாடசாலை திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், மீண்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது. மாடமும் மின்விசிறியும் அங்கே தேவைப்படவில்லை. திண்ணையும் மரத்தடியும் போதுமாயிருந்தன.

துணையைத் தேடும் முறை

முதலில் நாட வேண்டியவர் வகுப்பாசிரியர். பெறுபேறு வரும் நாளில் மட்டும் போய், “சேர், என் பிள்ளை எப்படி?” என்று கேட்டால், “இன்னும் முயற்சி செய்ய வேண்டும்” என்ற விடைதான் கிடைக்கும். “எந்தப் படியில் நிற்கிறான்? வாசிப்பிலா, கணக்கிலா? பாடசாலையில் பரிகாரக் கற்பித்தல் நடக்கிறதா? அதில் சேர்ப்பீர்களா?” என்று குறித்துக் கேளுங்கள். பின்தங்கியவருக்காகச் செய்யும் பரிகாரக் கற்பித்தல் ஆசிரியத் தொழிலின் ஒரு பகுதியே. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் நெருங்கும்போது பாடசாலையின் உழைப்பெல்லாம் முதல் பத்துப் பிள்ளைகளின் மேல் குவிந்து விடுகிறது. அப்போது கடைசிப் பத்துப் பிள்ளைகளுக்காகப் பேச வேண்டியவர்கள் அவர்களுடைய பெற்றோரே.

இரண்டாவது, லயத்திலேயே தேடுங்கள். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் பெறுபேற்றுக்காகவும், பின்னர்ப் பல்கலைக்கழக அனுமதிக்காகவும் நெடுநாள் காத்திருக்க நேர்கிறது. அந்தக் காலத்தில் அவர்கள் நம் கண் முன்னேதான் இருக்கிறார்கள். அத்தகைய அக்கா ஒருத்தியோ தம்பி ஒருவனோ, நான்கைந்து பிள்ளைகளை நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வைத்திருந்தால், சனிக்கிழமை மூன்று மணி நேரக் கூட்ட வகுப்பைவிட அது பயனுடையதாகும். அடிமேல் அடி அடித்தால்தான் அம்மியும் நகரும். வாரத்துக்கு ஒருமுறை ஓங்கி அடிப்பதால் நகராது. இடம், கோயில் மண்டபமோ, வாசிகசாலையோ, மாலையில் வெறுமையாகும் பிள்ளைக்காம்பராவோ ஆகலாம். கதவு திறந்திருக்கும், நாலு பேர் வந்து போகும் இடமாக அது இருத்தல் வேண்டும். பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர வேண்டும்.

கற்பிக்கும் இளைஞருக்குச் சும்மா உழைக்க வேண்டிய கடமை இல்லை. நம் தாய்மார் சீட்டுப் பிடித்து எத்தனையோ காரியங்களை நிறைவேற்றுகிறார்கள். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை போட்டால், அது கற்பிப்பவளுக்குப் பல்கலைக்கழகப் பெட்டி வாங்க உதவும்; ஒரு வீட்டுக்கும் அது கடனாகாது. தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்ட வேண்டிய வகுப்பு, பிள்ளையின் மனத்தில் முதலில் பதிப்பது பாடத்தையன்று, பயத்தையே.

மூன்றாவது, உயர் வகுப்புகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு நகர ஆசிரியரே வேண்டியிருக்கலாம். அங்ஙனமாயின் சேர்க்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? பிள்ளையின் கொப்பியை நீங்களே பார்ப்பீர்களா? கீழ் வகுப்புப் பாடம் தெரியாவிட்டால் அதிலிருந்து தொடங்குவீர்களா? மாதம் ஒருமுறை எங்களுக்கு நிலைமையைச் சொல்வீர்களா? இந்த நான்குக்கும் முகம் சுளிக்காமல் விடை சொல்பவர் நல்லாசிரியர். ஒரு தவணை பார்த்து, அதே மூன்றாம் தரப் பக்கத்தையும் அதே கழித்தலையும் மீண்டும் கொடுத்துச் சோதியுங்கள். முன்னேற்றம் இல்லையேல் வேறு வழி தேடுங்கள். கைத்தொலைபேசியும் இணைய வசதியும் உள்ள வீட்டில், கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பக்கத்தில் ஒருவர் இல்லாமல் பின்தங்கிய பிள்ளை தனியே அதிலிருந்து கற்றுவிடுவான் என்று எதிர்பார்க்கலாகாது.

எழுத்தறியாத தாயும் ஆசிரியையே

‘எனக்கு ஒன்றும் தெரியாதே’ என்று சொல்லும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. நாள் முழுவதும் மலையில் நின்று, மூன்று முறை கொழுந்து நிறுத்து, எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு, எத்தனை பேர் என்று மனத்திலேயே கணக்கு வைத்திருப்பவள் நீங்கள். காலையில் 7 கிலோ, பகல் 9 கிலோ, மாலை 6 கிலோ என்றால் மொத்தம் எவ்வளவு, சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று மகனைக் கேளுங்கள். அதைவிட உயிருள்ள கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை. மாதச் சம்பளச் சீட்டைக் கொடுத்து வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்பும் வளரும், வீட்டுக் கணக்கும் தெளியும், தன் படிப்பு வீட்டுக்குப் பயன்படுகிறது என்ற பெருமையும் பிள்ளைக்கு வரும்.

இன்னும் ஒன்று. அந்த அரை மணி நேரத்தை அவனுக்குக் காவல் காத்துக் கொடுங்கள். தண்ணீர் எடுக்கவும், விறகு பொறுக்கவும், தங்கையைத் தூக்கி வைத்திருக்கவும் அந்த நேரத்தில் அழைக்காதீர்கள். தொலைக்காட்சியைச் சற்று நிறுத்துங்கள். “எத்தனை புள்ளி?” என்று கேட்பதற்குப் பதிலாக, “இன்றைக்கு அக்கா என்ன சொல்லிக் கொடுத்தாள்? எனக்கும் சொல்லு ராசா” என்று கேளுங்கள். பிறருக்குச் சொல்லிக் காட்டும்போதுதான் கற்றது நிலைக்கும். விடை தெரியாத தாயிடம் சொல்வது பிள்ளைக்கு எளிது. அவன் பயமின்றிப் பேசுவான். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். போன மாதத்து அவனோடு இந்த மாதத்து அவனை ஒப்பிடுங்கள்.

மாணவருக்கு ஒரு வேண்டுகோள்

இதை வாசிக்கும் உயர்தர மாணவர்களே, பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் தம்பி தங்கையரே! தோட்டத்திலிருந்து ஒருவர் படித்து மேலே வருவதை ஊரே பெருமையாகக் கொண்டாடுகிறது. அந்த மாலை மரியாதை வாடுமுன் உங்களிடம் ஒன்று கேட்க உரிமையுண்டு. ஐந்து பிள்ளைகளை எடுத்துக் கொள்ளுங்கள். நூறு பேருக்குக் கருத்தரங்கு நடத்த வேண்டாம். அவர்களுடைய பிழைகளைச் சிவப்பு மையால் வெட்டாமல், “எப்படி இந்த விடை வந்தது?” என்று கேளுங்கள். 376 என்ற விடைக்குள் ஓர் ஒழுங்கு ஒளிந்திருப்பது போல, ஒவ்வொரு பிழைக்குள்ளும் ஒரு வழி ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தவரே அப்பிள்ளையின் ஆசிரியர். கற்பிப்பதால் உங்கள் அறிவும் கூர்மையடையும் என்பதை அனுபவத்தில் காண்பீர்கள்.

மலைநாட்டில் கல்விக்காகக் கட்டிடம் கேட்டோம், ஆசிரியர் கேட்டோம், விஞ்ஞான கூடம் கேட்டோம். இன்னும் கேட்க வேண்டியவை பல உள. அக்கோரிக்கைகள் நடக்கட்டும். ஆயினும் இன்று நான்காம் தரத்தில் எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளை அவை நிறைவேறும்வரை காத்திருக்க இயலாது. அவனுக்கு வேண்டியது இந்த வாரமே ஒரு பழைய மூன்றாம் தரப் புத்தகம், அரை மணி நேரம், பக்கத்தில் பொறுமையோடு உட்காரும் ஒருவர். இம்மூன்றும் அவன் வாழும் லயத்திலேயே கிடைக்கக் கூடியவை. பெற்றோர் ஐவர் கூடிப் பேசினால், வரும் திங்கட்கிழமை மாலையே அந்த வகுப்பைத் தொடங்கிவிடலாம்.